விதைநெல்லும் மாதச் சம்பளமும்

வன்னி மண்ணிலே நெல் விதைத்து வாழ்ந்த குடும்பங்களிடம் எழுதப்படாத சட்டமொன்று இருந்து வந்தது. பெரும்போக வெட்டு முடிந்து, சூடு மிதித்து, பொலி தூற்றிய பின்னர் முதலிற் கோயிலுக்குரிய நெல் அளக்கப்படும். தைப்பூசத்திலே புதிர் எடுத்து இறைவனுக்குப் படைக்கப்படும். வீட்டுச் சாப்பாட்டுக்கான நெல்லைக் கொம்பறையிற் கொட்டுவதற்கு முன்னதாகவே அடுத்த போகத்துக்கான விதைநெல் தனியாகக் காயவைத்துக் கட்டப்படும். ஆவணியிலே கொம்பறையின் அடி தெரியத் தொடங்கினாலும், கூலிக்குப் போய்க் கஞ்சி குடிக்க நேர்ந்தாலும், அந்தச் சாக்கை அவிழ்ப்பதில்லை. விதைநெல்லைக் குற்றித் தின்ற வீடு என்ற பெயர் கமக்காரனுக்குப் பெரிய தலைகுனிவு.

இவ்வாறு விதைநெல் கட்டி வைத்தவரைப் பார்த்து, "மழை தருகின்ற ஆண்டவனிலே உமக்கு நம்பிக்கை இல்லையோ" என்று ஒருவரும் கேட்டதில்லை. கோயிலுக்கு நெல் அளந்த அதே கைதான் விதைநெல்லையும் கட்டியது. இரண்டும் ஒரே நாளில், ஒரே களத்தில் நடந்தன.

இன்று கண்டாவளைப் பகுதியிலே எல்லா வீடுகளும் வயலை மட்டும் நம்பி இருப்பதில்லை. அறிவியல்நகர் ஆடைத் தொழிற்சாலைக்கு விடியற்காலையில் பஸ் ஏறுகின்ற பிள்ளைகள், பரந்தனிலும் கிளிநொச்சியிலும் கடைகளில் நிற்பவர்கள், காவலாளி வேலைக்குக் கொழும்பு சென்றவர்கள், வாகனம் ஓட்டுபவர்கள், மத்திய கிழக்கிலிருந்து காசு அனுப்புகின்ற தாய்மார் எனச் சம்பளத்தால் அடுப்பெரியும் வீடுகள் பெருகிவிட்டன. சம்பளம் மாத முடிவில் வருகிறது. அடுத்த மாதம் பத்தாந் திகதிக்குள் கடைக் கொப்பிக்கும் லீசிங்குக்கும் போய்விடுகிறது. நெல்லுக்கு விதைநெல் வைத்த மரபு, சம்பளத்துக்கு விதைநெல் எது என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. வேலை நின்றுபோனால் மூன்று மாதம் அந்த வீடு எதைக் கொண்டு அடுப்பு மூட்டும் என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. இறைவனை நம்பி வாழும் அடியார் ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்கலாமா என்பது அதைவிட ஆழமான கேள்வி.

கேட்கக் கூடாது என்று சொல்வோருக்குச் சைவ வரலாற்றிலே ஆதாரம் இல்லாமல் இல்லை. இளையான்குடி மாற நாயனாரின் கதை இப்பகுதிச் சிறு பிள்ளைகளும் அறிந்தது. செல்வம் எல்லாம் அடியார்க்கு அமுது செய்வித்தே கரைந்து, வறுமை வாசலில் வந்து நின்ற காலத்தில், நள்ளிரவு மழையிலே சிவனடியார் ஒருவர் வருகிறார். வீட்டிலே ஒரு மணி அரிசி இல்லை. அன்று பகல் வயலில் விதைத்த முளைநெல்லை அந்த இருளிலே சென்று வாரி எடுத்து வந்து, அதையே வறுத்துக் குற்றி, மனைவியார் அமுது படைக்கிறார். விதைநெல்லையே எடுத்து ஊட்டியவரை நாயனாராக வைத்து வணங்குகின்ற சமயம், வங்கியிலே காசு வைத்துக் காப்பாற்று என்று சொல்லுமா?

கதையைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். அந்த வறுமையிலும் நாயனார் வீட்டார் விதைநெல்லைத் தின்றுவிடவில்லை. தாம் பசித்திருந்தும் அதை வயலிலே சேர்த்திருந்தார்கள். அதனாற்றான் நள்ளிரவில் விருந்தினருக்குக் கொடுக்க ஏதோ ஒன்று எஞ்சியிருந்தது. முதல் வாரமே அதைச் சமைத்து உண்டிருந்தால், அன்றிரவு அவர்கள் வாசலில் நின்ற அடியாருக்குக் கைகூப்ப மட்டுமே முடிந்திருக்கும். மேலும், அந்தத் தியாகம் கணவனும் மனைவியும் ஒருமனப்பட்டுச் செய்தது. வழியைச் சொன்னவரே மனைவியார். பாற்குடிப் பிள்ளையின் மாவுப் பேணியை எடுத்துக் கொடுத்ததாகக் கதை சொல்லவில்லை. மலையுச்சியைப் பார்த்துக் கும்பிடுவது வேறு, ஒவ்வொரு வீட்டையும் அந்த உச்சியிலே கட்டச் சொல்வது வேறு.

திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்தபோது அப்பரும் சம்பந்தரும் இறைவனிடம் நாளுக்கொரு படிக்காசு பெற்று அடியார்களுக்கு அன்னமிட்டதையும் சிலர் எடுத்துக் காட்டுவர். நாளாந்தம் தருபவன் இருக்க, நாளைக்கென்று வைப்பது ஏன் என்பது அவர்கள் வாதம். அவ்விருவரும் இல்லறச் சுமை இல்லாதவர்கள் என்பதை இங்கே மறக்கலாகாது. இன்னொரு சுவையான செய்தியும் அவ்வரலாற்றில் உண்டு. சம்பந்தர் பெற்ற காசுக்குக் கடைத்தெருவிலே வட்டம் பிடித்தார்களாம். அதனால் அவர் மடத்திலே அமுது பிந்தியதாம். இறைவன் தந்த காசே கடைக்குப் போகும்போது கடைக்காரனின் கணக்குக்கு உட்பட வேண்டியிருந்தது என்றால், மனிதன் உழைத்த காசைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இல்லறத்தானுக்கு வள்ளுவர் வகுத்த கடமைகள் ஐந்து. இறந்த முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், ஐந்தாவதாகத் தான். தன்னைக் காப்பதையும் அறத்தின் பட்டியலிலே சேர்த்திருப்பது கவனிக்கத்தக்கது. அந்த ஐந்தாவது தூண் விழுந்துவிட்டால் மற்ற நான்குக்கும் தாங்கல் இல்லை. வேலை இழந்து, கடன்காரனுக்கு ஒளித்து, பின்கதவாலே போய் வருகின்ற ஒருவர் எந்த விருந்தினரை வரவேற்பார், எந்தத் திதியை மனநிறைவோடு செய்வார்?

வேலை போவது இந்தப் பகுதி மக்களுக்குப் புதிய செய்தியும் அல்ல. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை 1950களிலே அமைக்கப்பட்டு, ஆனையிறவு உப்பைக் கொண்டு கோஸ்டிக் சோடாவும் குளோரினும் உற்பத்தி செய்தது. வயலோரத்துப் பிள்ளைகளுக்கு அரசாங்கச் சம்பளம், விடுதி, நேரக் கணக்கு, சங்கு ஊதுதல் எல்லாவற்றையும் அறிமுகப்படுத்திய இடம் அது. 1980களின் நடுப்பகுதியிலே போரினால் அது நின்றது. அதைத் தொடர்ந்து 1990 அளவில் ஆனையிறவு உப்பளமும் நின்றது. உப்பளம் பிற்காலத்திலே மீள இயங்கியது. பரந்தனில் எஞ்சியவை இடிந்த சுவர்களும் துருப்பிடித்த இரும்புமே. ஓய்வூதிய வயது வரை இருக்கும் என்று எண்ணிய வேலை, எவருடைய குற்றமுமில்லாமல், எவருக்கும் முன்னறிவித்தல் இல்லாமல் இல்லாமற் போகலாம் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

2020 மார்ச் மாதத்திலே ஊரடங்கு வந்தபோது அது மீண்டும் நடந்தது. வெளிநாட்டுக் கட்டளைகள் நின்றமையால் ஆடைத் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. அரசாங்கமும் தொழில்கொள்வோரும் தொழிற்சங்கங்களும் கூடிப் பேசி, வேலை வழங்கப்படாத மாதங்களுக்கு 14,500 ரூபாய் அல்லது அடிப்படைச் சம்பளத்தின் அரைவாசி, இவற்றிலே கூடியதைக் கொடுப்பதென இணங்கின. அது பெரிய உதவிதான். ஆனால் அது சம்பளப் பட்டியலிலே பெயர் இருந்தவர்களுக்கு மட்டும். நாட்கூலிக்குப் போனவருக்கும், கடையிலே கைக்காசுக்கு நின்றவருக்கும், முச்சக்கரவண்டி ஓட்டியவருக்கும் அந்த இணக்கத்திலே இடமில்லை.

இலங்கையிலே வேலையற்ற காலத்துக்கு மாதாமாதம் படி கொடுக்கும் காப்புறுதி கிடையாது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் தொழில்கொள்வோர் 12 வீதமும் செலுத்தினாலும், பொதுவாக அது ஆணுக்கு 55 வயதிலும் பெண்ணுக்கு 50 வயதிலும்தான் கைக்கு வரும். வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் 30 வீதம் வரை முன்கூட்டிப் பெறலாம்; வேலை போனது என்பது அதற்குக் காரணமாகாது. தொழில்கொள்வோர் 3 வீதம் செலுத்துகின்ற ஊழியர் நம்பிக்கை நிதியை வேலையை விட்டபின் எடுக்கலாம், அதுவும் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை. பணிக்கொடை வேண்டுமானால் ஐந்து ஆண்டு சேவையும், 15 பேருக்குக் குறையாத வேலைத்தலமும் இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் ஒவ்வொரு தொழிலாளியும் அறிந்து வைத்திருப்பதும், தன் பெயரிலே உண்மையாகக் காசு கட்டப்படுகிறதா என்று பார்ப்பதும் நல்லது. இருந்தாலும் வேலை நின்ற நாளுக்கும் அடுத்த வேலை கிடைக்கும் நாளுக்கும் இடையிலே உள்ள பள்ளத்தை அவை நிரப்புவதில்லை. அந்தப் பள்ளத்தை வீடுதான் நிரப்ப வேண்டும்.

இவ்விடத்திலே இந்த மண்ணுக்கே உரிய மறுப்பொன்று எழும். அது புத்தகத்தில் இல்லாதது, அதனால் மிகவும் வலுவானது. "சேர்த்து வைத்ததெல்லாம் எங்கே போனது?" என்பதே அது. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் இப்பகுதி மக்கள் உழவு இயந்திரத்தில் ஏற்றியதை வழியிலே விட்டு, சைக்கிளிற் கட்டியதையும் விட்டு, கையிலே எடுத்ததையும் விட்டு நடந்தார்கள். மாடுகள் கட்டையோடு நின்றன. நெல் மூடைகள் பங்கரின் சுவராயின. வன்னியில் அப்போது இயங்கிய வைப்பகத்திலே அடகு வைத்த நகைகள் திரும்பவில்லை. போர் முடிந்து பதினாறு ஆண்டு கழித்து, 2025 மே மாதத்திலேதான் இராணுவத்திடம் இருந்த நகைகளிற் பெருந்தொகை பொலிசாரிடம் கையளிக்கப்பட்டது. மீள்குடியேறி மீண்டும் சேர்த்தவர்களை 2018 டிசம்பரிலே இரணைமடுக் குளத்து வெள்ளம் ஓரிரவிலே நனைத்தது. வங்கியிலே வைத்தவர்களுக்கு 2022 வந்தது; 200 ரூபாயாக இருந்த டொலர் 360 ரூபாயை எட்டியது, ஒரு வருடத்துக்கு முன் மூடை மாவு வாங்கிய காசுக்கு அரை மூடையும் கிடைக்கவில்லை. இவ்வளவும் கண்ட ஒருவரிடம் சென்று சேமிப்பின் பெருமை பேசுவது, வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது போலாகும்.

அந்த மறுப்புக்கு முழுமையான விடை இல்லை. எல்லாவற்றையும் அள்ளிச் செல்லும் அழிவுக்கு எந்தக் குடும்பமும் தனியாக ஆயத்தமாக முடியாது. ஆனால் அழிவுகள் எல்லாம் ஒரே அளவானவை அல்ல. வேலை போவது வீட்டளவான துன்பம். அதற்கு நீளமும் அகலமும் உண்டு; இரண்டு மாதம், நான்கு மாதம், சில வேளை ஆறு மாதம். பெருவெள்ளத்தைத் தடுக்க முடியாது என்பதற்காக வரம்பு கட்டாமல் விடுகிற கமக்காரன் இல்லை. வரம்பு பெருவெள்ளத்துக்காகக் கட்டப்படுவதல்ல, சாதாரண மழைக்காகக் கட்டப்படுவது.

2009ஐக் கடந்து வந்தவர்களின் அனுபவத்திலேயே கற்பதற்கு ஒன்று இருக்கிறது. சேமித்த பழக்கம் அவர்களைக் கைவிடவில்லை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்ததுதான் கைவிட்டது. அரச வங்கிகளிலே கணக்கு வைத்திருந்தவர்கள் புத்தகம் தொலைந்தாலும், கணக்கு அழியாதிருந்ததைப் பின்னர் கண்டார்கள். ஆகையால் கொஞ்சம் நகையாக, கொஞ்சம் வங்கியில், கொஞ்சம் நெல்லாகவோ கோழி ஆடாகவோ இருப்பது இம்மண்ணுக்கேற்ற அறிவு. தபாற் கந்தோரிலேயே தேசிய சேமிப்பு வங்கிக் கணக்குத் திறக்கலாம். மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கியிலும் நிதிக் கம்பனியிலும் வைப்புகளுக்கு, ஒருவருக்கு ஒரு நிறுவனத்திலே 11 லட்சம் ரூபாய் வரை காப்புறுதி உண்டு. அனுமதி இல்லாமல் கூடிய வட்டி தருவதாகச் சொல்லி வீட்டு வாசலுக்கு வருபவருக்கு அது கிடையாது. சீட்டுக் கட்டுவது நல்ல பழக்கம்தான். கூரை மாற்றவும் பிள்ளையைப் படிக்க அனுப்பவும் அது உதவும். ஆனால் வேலை போகின்ற மாதத்திலே தன்னுடைய முறை வரும் என்பது நிச்சயமில்லை. வேலை போன பின்னரும் மிச்சத் தவணையைக் கட்ட வேண்டும் என்பது மட்டும் நிச்சயம்.

எவ்வளவு வைக்க வேண்டும் என்பதற்கு இரணைமடுக் கமக்காரருக்கு எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. சிறுபோகத்துக்கு முன் கூட்டம் கூடி, குளத்திலே நிற்கிற நீரின் அளவைப் பார்த்து, இத்தனை ஏக்கர்தான் இம்முறை என்று தீர்மானிக்கிறார்கள். எல்லோருக்கும் முழுக்காணியும் விதைக்க ஆசைதான். நிற்கிற நீர்தான் தீர்ப்புச் சொல்லும். வரும் வாய்க்கால் ஒடுக்கமானாலும் போகும் வாய்க்கால் பெருக்காவிட்டால் தீங்கில்லை என்ற கருத்தை வள்ளுவரும் சொல்லியிருக்கிறார். வரும் வாய்க்கால் முற்றாக அடைபட்டால் என்ன செய்வது என்பதற்குத்தான் குளம்.

ஒரு வீட்டுக்கு அரிசி, மா, மண்ணெண்ணெய் அல்லது காஸ், மின்சாரம், பிள்ளைகளின் படிப்பு, மருந்து என்று தவிர்க்க முடியாத செலவு மாதம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மூன்று மாதத்துக்கு 90,000 ரூபாய். மாதம் 2,500 ரூபாய் ஒதுக்கினால் ஒரு வருடத்திலே ஒரு மாதச் செலவு சேரும். மூன்று வருடத்திலே மூன்று மாதச் செலவு. மூன்று வருடம் நீண்ட காலமாகத் தோன்றும். ஆனால் முதல் ஒரு மாதக் காசே பாதிப் பயத்தைத் தீர்க்கும். வேலை போன ஒருவர் முதல் மாதத்திலே பதகளித்துச் செய்வதுதான் குடும்பத்தைப் பல வருடம் வாட்டுகிறது. தாலிக்கொடி அடகுக்குப் போவது அந்த மாதம். நுண்கடன் பத்திரத்தில் மனைவி கையொப்பம் வைப்பதும் அந்த மாதம். கிழமைக்குக் கிழமை கடன் அறவிட வருபவரின் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குப் பிள்ளைகள் உள்ளே ஓடிய காலத்தை வன்னிப் பெண்கள் மறக்கவில்லை. 2018ஆம் ஆண்டிலே வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுடைய ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது.

வேறொரு துன்பமும் உண்டு. வேலை போனதை வீட்டுக்குச் சொல்லாமல், வழக்கம் போல் சேட்டை மாட்டிக்கொண்டு காலையில் வெளிக்கிட்டு, பஸ் நிலையத்திலே பொழுது போக்கி மாலையில் திரும்புகிற ஆண்கள் இருக்கிறார்கள். தொழிற்சாலை மூடியது அவரவர் செய்த பாவம் என்று நினைப்பதும், ஊர் அப்படி நினைக்கிறது என்று பயப்படுவதும் சைவத்தின் வினைக் கொள்கையைத் தவறாக விளங்கிக்கொள்வதாகும். வந்த நோய்க்கு வினையைச் சொல்லி மருந்தை மறுப்பவர் இல்லை.

கோயிலைச் சார்ந்த ஒன்றையும் கோயில் மலரிலே சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. உபயம் என்பது அன்பினாற் செய்வது. ஆனால் அயல் உபயகாரரின் மேளக் கூட்டத்தையும் மின்விளக்கையும் பார்த்து, அதற்குக் குறையக் கூடாது என்று கடன்பட்டுத் திருவிழாச் செய்கின்ற வீடுகள் உண்டு. குங்குலியக்கலய நாயனார் மனைவியின் தாலியைக் கொடுத்துக் குங்குலியம் வாங்கினாரே என்று அதற்கும் உதாரணம் சொல்வர். நாயனார் அயலவருடன் போட்டிக்காக வாங்கவில்லை என்பதே வேறுபாடு. பச்சிலையும் நீரும் கொண்டு செய்யும் பூசையை ஏற்கின்ற பெருமான், ஒரு வருடம் தன் முறையைச் சுருக்கமாகச் செய்த அடியாரிடம் கோபிப்பதில்லை. ஒரு வீட்டிலே வேலை போயிருக்கிறது என்று தெரிந்தால், கேட்காமலே அந்த வருட உபயத்தைப் பொதுவில் சேர்த்துக்கொண்டு, அதை ஒலிபெருக்கியிலே சொல்லாமல் விடுகிற பரிபாலன சபை பெரும் புண்ணியம் செய்கிறது.

சேமிக்கச் சொல்வதே கொடுமையாகிற வீடுகளும் உண்டு. கணவனை இழந்து நாட்கூலிக்குப் போகின்ற தாய், நாளாந்த உலைக்கே போதாத வரவிலிருந்து எதை ஒதுக்குவாள்? அவளுக்குச் சிக்கனம் போதிப்பவர் தன் வாயைத்தான் சிக்கனப்படுத்த வேண்டும். அவளுடைய விதைநெல் ஊரிடம் இருக்க வேண்டியது. 1876, 1877ஆம் ஆண்டுகளிலே யாழ்ப்பாணத்தில் பஞ்சமும் கொள்ளைநோயும் வந்தபோது ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். சைவப் பிரசங்கம் செய்த அதே நாவலர்தான் கஞ்சிக்கும் வழி செய்தார். உலையிலே போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வேறு பானையிலே இடுகின்ற பிடியரிசி வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. ஒரு பிடி குறைந்ததாற் சோறு குறைந்ததை எவரும் உணர்வதில்லை. மாத முடிவிலே அது ஒரு வீட்டின் கிழமைச் சாப்பாடு.

இனி மிகக் கடினமான கேள்வி எஞ்சியிருக்கிறது. மூன்று வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு குடும்பம் 90,000 ரூபாய் சேர்த்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு முதலில் வேலை போகிறது. அவர் வாசலில் வந்து நிற்கிறார். கொடுத்தால் நாளை தன் பிள்ளைகளுக்கு இல்லை. கொடுக்காவிட்டால் மாற நாயனாரின் குருபூசையன்று கோயிலிலே கைகூப்பி நிற்க முகமில்லை.

இதற்கும் கமக்காரரிடம் வழக்கமொன்று இருக்கிறது. வெள்ளம் வந்து ஒருவருடைய விதைப்பு அழுகிப் போனால், அயலவர் தம்முடைய விதைநெல்லிலே ஒன்றிரண்டு மூடையைக் கைமாற்றாகக் கொடுப்பார். முழுவதையும் கொடுப்பதில்லை, தன் வயலுக்கானதை வைத்துக்கொண்டே கொடுப்பார். வட்டி இல்லை, பத்திரம் இல்லை. வாங்கியவர் அடுத்த வெட்டிலே, தன் களத்திலே கோயிலுக்கு அளந்த கையோடு, அதை அளந்து தோளிலே சுமந்து கொண்டுபோய்க் கொடுத்தவர் வீட்டுத் திண்ணையிலே இறக்குவார்.